தனியாக நின்ற கதவு

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நான் எழுதப் போவதில் ஒரு வரி கூடக் கற்பனை இல்லை. எனக்கு எழுபத்து நான்கு வயது. யாரிடமும் கை கட்டி நின்றதில்லை. யாருக்கும் பயந்து தெரு மாறி நடந்ததில்லை. கதை கட்டிப் பெயர் வாங்க வேண்டிய நிலைமை எங்கள் குடும்பத்துக்கு என்றைக்கும் வந்ததில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்பார்கள். எனக்கு நடந்தது செவ்வாய்க்கிழமை, சுள்ளென்ற வெயிலில், மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு. கூட இருந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் அப்பா வேன்களுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸ் வந்து நிற்கும். அப்பா சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, கதவு பூட்டி அனுப்புவார். அவர் கட்டிய கதவு என்றால் டிரைவர்களுக்கு ஒரு மரியாதை. ஆபத்துக் காலத்தில் திறக்க வேண்டிய பின் கதவுக்கு அவரே ஒரு கைப்பிடி செய்திருந்தார். கதவின் நடுவே ஒரே கம்பி. உள் முனையில் ஒரு பிடி, வெளி முனையில் ஒரு பிடி. வலது பக்கம் திருப்பினாலும் திறக்கும், இடது பக்கம் திருப்பினாலும் திறக்கும்.

"உயிருக்குப் பயந்தவனுக்கு வலது எது இடது எதுன்னு தெரியாதுடா. எப்படித் திருப்பினாலும் திறக்கணும்" என்பார்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், அப்பா கட்டிய வேன் ஒன்று மழையில் சறுக்கி ஏரிக்குள் இறங்கியது. வந்தவர்கள் எல்லோரும் முன் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் தப்பித்தார்கள். கண்டக்டர் மட்டும் இறந்துபோனார்.

மறுநாளே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. பின் கதவு திறக்கவில்லையாம். மனிதர் உள்ளே மாட்டிக்கொண்டாராம். எல்லாம் அந்தப் பட்டறைக்காரர்கள் வேலையாம்.

விசாரணையில் எங்கள் மேல் ஒரு குற்றமும் எழுதவில்லை. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது. அதற்குப் பிறகு ஒரு சேஸ் கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. அப்பா பட்டறையைப் பூட்டினார். எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அவர் பேசியது அந்தக் கதவைப் பற்றித்தான்.

நான் அந்த வேனின் கூட்டைச் சேஸோடு விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினேன். தினமும் காலையில் கைப்பிடிக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஒரே விரலால் திறப்பேன், மூடுவேன். மீட்டர் பார்க்க வந்தவரையும் விட்டதில்லை. "ஒரு விரல் போதும், பாருங்க" என்று திறந்து காட்டித்தான் அனுப்புவேன். என் மருமகள் கூட, "மாமா, வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி கதவைக் காட்டாதீங்க" என்று கிண்டல் செய்வாள்.

இந்த வருடம் பார்த்தால் தரைத் தகரம் அரித்து ஓட்டையாகிவிட்டது. நான் போன பிறகு யாராவது இதை முழுசாக இழுத்துப் போய் இரும்புக் கடை வாசலில் நிறுத்தி, 'இதுதான் அந்த வண்டி' என்று கை காட்டக் கூடாது. நான் இருக்கும்போதே, என் காம்பவுண்டுக்குள், என் கண் முன்னால் வெட்டிவிட வேண்டும். அப்படித்தான் முடிவு செய்தேன்.

கேஸ் தீயால் இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங்காரரை வரவழைத்தேன். எல்லோரும் அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை செய்யும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியைச் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார்.

"முதல்ல கதவெல்லாம் கழட்டிருவோம் ஐயா. அதான் வழக்கம்" என்றார்.

"பின் கதவு கடைசியில."

"சுத்தி எல்லாத்தையும் வெட்டிட்டு கதவை மட்டும் நிக்க வெச்சு என்ன பண்ண? வீடே இல்லாம வாசல் மட்டும் நிக்கிற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். கடைசி நிமிஷம் வரைக்கும் அது திறந்து மூடணும். தெரு பாக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு டார்ச்சைப் பற்ற வைத்தார்.

பத்து நாற்பதுக்குக் கூரை இறங்கியது. பின் கதவைத் திறந்து, கொக்கி மாட்டி வைத்திருந்தேன். கூரைத் தகரத்தை ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்பினால், கதவு மூடியிருந்தது. கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். திறந்தேன். ஒரு விரல்தான். மறுபடி மாட்டினேன்.

பதினொன்று இருபத்தைந்து. இடது பக்கத் தகரம் விழுந்தது. கதவு மறுபடியும் மூடியிருந்தது.

காற்று இல்லை. கொடியில் காய்ந்த துணி கூட அசையவில்லை.

"கொக்கி தேஞ்சிருக்கும் ஐயா" என்றார் கண்ணாடி. தேயவில்லை. நான் தடவிப் பார்த்தேன். ஆனால் கொக்கி நனைந்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள் மருமகள். "சாப்பிட்டுட்டு வெட்டுங்க மாமா. வண்டி எங்கயும் ஓடிறாது." நான் போகவில்லை. வலது பக்கமும் முடிந்து, சேஸின் மேல் முழ அகலத் தரையும் அதன் விளிம்பில் சட்டத்தோடு அந்தக் கதவும் மட்டும் நின்றபோது மணி இரண்டு. கண்ணாடி சொன்னது போலத்தான் இருந்தது. முன்னால் வெயில். பின்னால் வெயில். நடுவில் மூடிய ஒரு கதவு. மேல் பாதியில் ஜன்னல் கண்ணாடி இல்லாத சதுர ஓட்டை. அதன் வழியாக எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது.

அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். இறந்த கண்டக்டரின் தம்பி. அடுத்த தெருவில் தையல் கடை. இருபத்து மூன்று வருடமாக எங்கள் வாசலை மிதித்ததில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"வெட்டுறீங்கன்னு சொன்னாங்க. கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னு வந்தேன்."

"பாருங்க. தாராளமா பாருங்க."

"ஒரு விரல்ல திறக்கும்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே, பெரியவரே. எனக்கு ஒரு தடவை காட்டுங்க. எங்க அண்ணன் ஏன் செத்தான்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

இந்த ஒரு மனிதருக்குத்தான் நான் இத்தனை வருடமும் காட்டக் காத்திருந்தேன். இவர் முன்னால் திறந்துவிட்டால் அப்பாவின் பெயர் நிமிர்ந்துவிடும். திறக்காவிட்டால்... அதை நான் நினைக்கவே இல்லை.

விரலை வைத்தேன்.

கைப்பிடி அசையவில்லை.

கையால் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினேன்.  தையல்காரர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அப்போது கேட்டது.

டக்... டக் டக்...

உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

உள்ளே என்று ஒன்று இல்லை. வெட்டி வெளியே போட்டாயிற்று. நான் சதுர ஓட்டை வழியாகப் பார்த்தேன். சுவர். வெயில். யாரும் இல்லை.

"ஐயா, கேஸை மூடிரவா?" என்றார் கண்ணாடி. முதல் முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் பதில் சொல்வதற்குள் கேட்டுக்கு வெளியே நின்றார்.

தையல்காரர் போகவில்லை. சேஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தரைத் தகரத்தில் ஏறி, கதவுக்கு மறுபுறம் நின்றார். ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது.

"இங்க ஒண்ணும் இல்ல. தட்டுறது உங்க பக்கந்தான்."

"இல்ல. உங்க பக்கம்."

டக் டக் டக்...

"பிடியை நீங்க பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். வெறும் கை.

என் கையில் இருந்த பிடி திரும்பியது.

எனக்கு எதிர்ப்பக்கமாக.

நான் வலது பக்கம் திருப்பினேன். அது தன் வலது பக்கம் திருப்பியது. அதன் வலது எனக்கு இடது. என் பலம் எவ்வளவோ அவ்வளவு பலம் அதற்கு. நான் கூட்டினால் அதுவும் கூட்டியது. மூச்சு வாங்கும் ஒருவர் கையைப் போல அது நடுங்கியது.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. சேற்று வாடை...

ஓடியிருக்கலாம். எங்கள் பட்டறையில் எங்கள் அப்பா கதவை விட்டுவிட்டு நான் எங்கே ஓடுவது?

"யாரா இருந்தாலும் சரி. இது எங்கப்பா செஞ்ச கதவு. திறக்கும். கேக்குதா? திறக்கும்" என்று சத்தமாகவே சொன்னேன்.

டக் டக் டக் டக்...

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. எப்படித் திருப்பினாலும் திறக்கும் கதவு. ஒரு கை திருப்பினால் திறக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கை, ஆளுக்கொரு திசையில் திருப்பினால்... திறக்காது. அப்பா இதை யோசிக்கவில்லை. நானும் இத்தனை வருடத்தில் யோசிக்கவில்லை.

கையை விட்டேன்.

பிடி சுழன்றது.

கதவு திறந்தது. என் பக்கம்.

குளிர்.

நெஞ்சிலிருந்து முழங்கால் வரை ஈரம்.

ஏதோ என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

மணி இரண்டு பதினேழு.

தையல்காரர் தகரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "திறந்துருச்சு, பெரியவரே" என்றார். 

கண்ணாடி உள்ளே வர மறுத்துவிட்டார். நானே டார்ச்சை எடுத்தேன். அந்தக் கதவை நானே வெட்டினேன். முதலில் கீல், பிறகு அந்தக் கம்பி.  நடுவில் நிறுத்தவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா வேலையில் ஒரு குறை இருந்தது என்றால் அதை நான்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நான்தான் வெளியே சொல்லவும் வேண்டும். மூடி மறைக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. ஒன்பது நாள் விசாரித்து, அன்றைக்கு ஏரியில் மூழ்கிக் கண்டக்டர் உடலை எடுத்த தீயணைப்பு வீரரைக் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார்.

"கண்டக்டர் உள்ளே எந்த இடத்தில இருந்தார்?" என்று கேட்டேன்.

"உள்ளேயா? யார் சொன்னது? அவர் வெளிய இருந்தார். பின் கதவுக்கு வெளிய. பிடியை இறுக்கிப் பிடிச்சபடியே போயிருந்தார். விரல் விரலாத்தான் பிரிச்சேன்."

அப்படியென்றால் அவர் தப்பித்துவிட்டவர். யாரோ தட்டுவது கேட்டுத் திரும்பிப் போய், வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார்.

"உள்ளே யாரு இருந்தா?"

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒருத்தரும் இல்ல. டிரைவரோட சேத்துப் பதினோரு பேர் கரையேறிட்டாங்க. பேர் பேரா எண்ணினோம். கண்டக்டரோட பன்னெண்டு. வண்டியில வந்ததே அவ்வளவுதான். நான் கதவுக் கண்ணாடி வழியா விளக்கடிச்சும் பாத்தேன். காலி."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆனா அவர் கையைப் பிரிச்சதும், அந்தப் பிடி தானா சுத்துச்சு. கதவு திறக்கறதுக்குள்ள நான் அதை அமுக்கிப் பிடிச்சு, கயிறு போட்டுக் கட்டிட்டேன். ஏன் கட்டினேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கரைக்கு இழுத்தப்புறந்தான் அவுத்தோம்."

அன்று சாயங்காலமே தையல்காரர் கடைக்குப் போனேன். அவர் அண்ணன் மாட்டிக்கொண்டு சாகவில்லை, யாருக்கோ கதவு திறக்கப் போய்த்தான் செத்தார் என்று சொன்னேன். அப்பா செய்த கைப்பிடியில் இருந்த குறையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப நம்ம முன்னாடி வெளிய வந்தது யாருங்க?"

"தெரியாது."

"இப்ப எங்க இருக்கு?"

"அதுவும் தெரியாது. என் காம்பவுண்டுக்குள்ளதான் திறந்து விட்டேன். இருந்தா இருக்கட்டும்."