இலையை மறைக்கும் கை

இருபத்திரண்டு வருஷம் காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் சப்ளையராக இருந்தேன். சிலர் 'அண்ணே' என்பார்கள், சிலர் 'ஏப்பா' என்பார்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டவனும் உண்டு. அவன் இலைக்கு மட்டும் ரசம் கடைசியாகத்தான் போகும். எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா!

அந்த வேலையில் நல்லதே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பசி தெரியாத வேலை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் நண்டு ரசத்தைக் குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கும்பிடுவார்கள். வயிறு நிறைந்த முகத்தைத் தினமும் பார்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கெட்டது என்றால் கால். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. தீபாவளியும் பொங்கலும் ஊருக்குத்தான், எங்களுக்கு அன்றைக்குத்தான் கூட்டம்.

இந்தத் தொழிலில் 'போதும்' என்கிற வாயை நம்பக் கூடாது. கையைப் பார்க்க வேண்டும். கை இலையை முழுசாக மறைத்தால் நிஜமாகவே போதும். வாய் 'போதும் போதும்' என்னும்போதே கை ஓரமாக ஒதுங்கி நின்றால், கூச்சப்படுகிறார்கள் என்று அர்த்தம். தாராளமாக இன்னொரு கரண்டி வைக்கலாம். இதில் நான் தவறியதே கிடையாது. "எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீக?" என்று கேட்பார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

மதியக் கூட்டம் ஓய்ந்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்துக் கோட்டையூருக்கு வந்துசேர நாலரை ஆகிவிடும். என் மனைவி அதுவரை சாப்பிடாமல் இருப்பாள்.

"ஏண்டி, நான்தான் அங்குட்டே தின்னுட்டு வாரேன்ல? நீ எதுக்குக் காத்துக் கெடக்குற?"

"நீங்க வந்தாத்தேன் எனக்குச் சோறு எறங்குது. போயிக் காலை நீட்டுங்க."

நான் சுவரில் காலைத் தூக்கி வைத்து, விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். வருஷக்கணக்காக இப்படித்தான்.

போன வருஷம், நாலு வாய் எடுத்ததுமே "போதும்" என்று எழுந்துவிட ஆரம்பித்தாள். அந்தச் சொல் தினமும் என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கிய பிறகுதான் பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிப்போனேன். உணவுக்குழாயில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள்.

"எத்தனை மாசமா முழுங்க முடியல?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "ஒரு எட்டு மாசம் இருக்கும்" என்றாள்.

எட்டு மாசமும் நாலரை மணிக்கு நான் அங்கேதான் படுத்திருந்தேன். ஊரான் கையையெல்லாம் பார்த்த பாவி, பெண்டாட்டி கையைப் பார்க்கவில்லை. செருப்பால் அடித்தாலும் எனக்குத் தகும்.

மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கஞ்சி வைத்துக் கொடுப்பதும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதுமாக நாள் போனது. ஒருநாள் மத்தியானம் அவளாகவே கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் எலை போட்டு வைக்கிறீக. எனக்கு ஒருநா வைங்களேன்."

கொல்லையில் நுனி இலை நறுக்கி வந்தேன். சோற்றைக் குழைய வடித்து, காரமில்லாமல் மிளகு ரசம் வைத்தேன். இலையைத் துடைத்துப் போட்டு, ஒரு சின்னக் கரண்டி சோறு வைத்து ரசத்தை ஊற்றினேன். மெஸ்ஸில் நிற்கிற மாதிரியே பக்கத்தில் நின்றேன்.

ஒரு வாய் எடுத்தாள். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டு முழுங்கினாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா இருக்குங்க. இன்னுங் கொஞ்சம் வைங்க."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. கரண்டியோடு குனிந்தேன். அவள் கை இலையை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.