காசு கொடுத்து வாங்கிய வெயில்

தல்லாகுளத்தில் நான் தங்கியிருக்கும் விடுதி அறைக்கு ஜன்னல் இல்லை. விடிந்தது தெரியாமல் தூங்கிவிடுவதால், விடியும் நேரத்தில் முகத்தருகே வெயில் போலத் தானாக ஒளிரும் விளக்கு ஒன்றை வாங்கினேன்.

"மதுரையில வெயிலக் காசு குடுத்து வாங்குன மொத ஆளு நீதான்டி," என்று அறைத்தோழி செல்வி தினமும் கேலி செய்வாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்; காசின் அருமை தெரியாதவள் என்று அவள் சொல்வதுபோல் சுருக்கென்று தைக்கும். அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

என் முதல் வேலைக்கான நேர்காணலுக்கு முந்தைய இரவு, விளக்கைச் சார்ஜ் போட மறந்து தூங்கிவிட்டேன். காலையில் முகத்தில் பளீரென்று வெளிச்சம். செல்வி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரி. இன்டர்வியூக்குப் போகணும்ல?"

"அதுல சார்ஜே இல்லையே?"

"நான்தான் போட்டேன். தெனமும் நீ குளிக்கப் போனதும் இதுக்கு முன்னாடி உக்காருறது யாருன்னு நெனச்ச?"

வேலை கிடைத்தது. இப்போது விளக்கை இருவருக்கும் நடுவில் வைக்கிறோம். அவள் கேலியை மட்டும் நிறுத்தவில்லை. அந்தக் கேலி இல்லாத நாளில் எனக்கு விடிந்த மாதிரியே இருப்பதில்லை.