மாமா விரித்த வெள்ளைத் துணி

வெளிநாட்டில் முருங்கைக்கீரையைப் பொடியாக்கிப் பாலில் கலந்து குடிக்கிறார்கள், கேட்ட விலை கொடுக்கிறார்கள் என்று காதில் விழுந்த நாளிலிருந்து என் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து முருங்கையை அதுவரை ஆடுகள்தான் தின்றுகொண்டிருந்தன. இருபது வருட வேலையை விட்டுவிட்டு வந்தவர், வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி ஷெட்டில் கீரை காயவைக்க ஆரம்பித்தார்.

"இனி அந்தக் கம்பெனி வாசப்படிய மிதிக்க மாட்டேனுங்க்கா" என்றார். அம்மா பயத்தோடு விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டார்.

முதல் லோடு கப்பலேறுவதற்கு முன், வாங்குகிறவர்களின் ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்கான விதிகள் பக்கம் பக்கமாக வந்திருந்தன. நகம், முடி, பல்லி எச்சம், ஈரம் என்று ஒன்றையும் விடவில்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. தும்மல் வந்தால் நான் ரோட்டுக்கு ஓடிப்போய்த்தான் தும்ம வேண்டும். அந்தப் பயத்திலேயே எனக்கு எந்நேரமும் மூக்கு அரித்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

கீரை காயப்போட்ட பிளாஸ்டிக் வலையில் பச்சைக் கறை ஏறியிருந்தது. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. திருப்பூர் காதர்பேட்டைத் துணிக்கடைக்குப் போய் வெள்ளைப் பனியன் துணி ஒரு ரோல் வாங்கிவந்து வலைமேல் விரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் புது வெள்ளைப் பனியனைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் கிடையாது. துணியில் ஒட்டிய இலையைத் தேய்த்து எடுப்பது என் வேலை. நானும் ஒன்று விடாமல் தேய்த்தேன்.

சோதிக்க வந்தவர் ஓர் இளம்பெண். எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஈரம் அளந்தார், தாளில் வரிசையாக டிக் போட்டார். மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, சின்ன ஊதா டார்ச் ஒன்றை இலைக் குவியல்மேல் அடித்தார்.

குவியல் முழுக்க நீலப் பொடிகள் மின்னின. நான் கைதட்டிவிட்டேன். "மாமா, நட்சத்திரமுங்க!"

அந்தப் பெண் அதிலிருந்து ஓர் இழையைக் கிள்ளி எடுத்தார். "பஞ்சா இருக்குதுங்களே. எதுமேல காயவெச்சீங்க?"

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "புது பனியன் துணிங்க. நாந்தான் நல்லாத் தேச்சுத் தேச்சு எடுத்தேனுங்க."

துணியை வெளுக்கப் போடும் மருந்து அந்த வெளிச்சத்தில் அப்படி மின்னுமாம். சாப்பிடும் பொருளில் அது ஒட்டவே கூடாதாம். இருபது வருடம் பஞ்சுக்குள்ளேயே நின்ற மனிதருக்குப் பஞ்சு தூசியாகத் தோன்றவில்லை. லோடு நின்றுபோயிற்று, மாமா போட்ட பணமும் அதோடு போயிற்று. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வலிக்காது.

திங்கட்கிழமை காலை அவர் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நின்றார்.

"கம்பெனிக்குங்களா மாமா?"

"ஆமா அம்மிணி."

மாமாவிடம் தொழில் பழகிய ஒருவர் அங்கே மாஸ்டராகியிருந்ததும், அவருக்குக் கீழே துணி அடுக்கும் வேலைக்குத்தான் மாமா போகிறார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனியிலிருந்து வரும்போதெல்லாம் மாமா தேங்காய் பன் வாங்கி வருவார். பஸ் மறையும்வரை சந்தோஷமாகக் கையாட்டிக்கொண்டு நின்றேன்.