எல்லாருக்கும் அதே வரி

அம்பத்தூர் ஸ்டேஷன் அருகே டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு, எதையும் வாய்விட்டுப் படித்த பிறகே அடிக்கும் பழக்கம். கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருப்பார். நான் விண்ணப்பித்த கம்பெனியில் இருந்ததோ ஒரே ஒரு வேலை. ஐந்து மணிக்குள் என் விண்ணப்பத்தைச் சேர்க்க வேண்டும். மணி நாலரை.

"'ஐ வில் டிஃபீட் அதர்ஸ்'னு எழுதிகீற. தோக்கடிக்க இது இன்னா குஸ்தியா நைனா? 'மை எக்ஸ்பீரியன்ஸ் கிவ்ஸ் மீ அன் எட்ஜ்'னு போடறேன். மத்தவங்களவிட ஒரு படி மேலன்னு அர்த்தம். படிக்கிறவனுக்கு உறுத்தாது."

வரி எனக்குப் பிடித்துவிட்டது. அவர் அடித்து முடிக்கும்வரை, மேசையில் கிடந்த பழைய கார்பன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே வரி, வேறொருவன் பெயர். அடியில் இருந்த இன்னொரு தாளிலும் அப்படியே.

"இன்னாம்மா, எல்லாருக்கும் இதையேவா குடுக்கிறீங்க?"

"பின்ன? உனக்கு நல்லா அடிச்சுட்டு, மத்தவனுக்குத் தப்பா அடிச்சுத் தரச் சொல்றியா?"

ஆமாம் என்றுதான் வாயில் வந்தது. சொல்லாமல் தாளை வாங்கிக்கொண்டு ஓடினேன். வேலை எனக்கே கிடைத்தது. ஆனாலும் நான் சொல்லாத அந்த 'ஆமாம்' அவருக்குக் கேட்டிருக்குமோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.