மூன்று விளம்பர நிறுவனங்களும் என் மனைவியும்

என் மனைவி ஓர் இணையதளம் நடத்துகிறாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று தமிழில் எழுதும் தளம். பக்கவாதம் வந்த அவளுடைய அப்பாவை எங்கள் பட்டாபிராம் ஃப்ளாட்டில் இரண்டு வருடம் வைத்துப் பார்த்தோம். ‘பார்த்தோம்’ என்று பன்மையில் சொல்ல எனக்கு அவ்வளவாக உரிமை இல்லை. நான் காலையில் ரயில் ஏறி அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்விடுவேன். புரட்டிப் படுக்கவைத்தது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தது, புண் வராமல் முதுகைத் துடைத்துவிட்டது எல்லாம் அவள்தான். அவர் போன பிறகு, தட்டுத் தடுமாறிக் கற்றதை எல்லாம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

தளத்தை இணையத்தில் வைத்திருப்பதற்கான வாடகையை மூன்று வருடம் என் சம்பளத்திலிருந்துதான் கட்டினோம். நான் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அவளுக்கு அது உறுத்தியது. “மார்ச் கடைசிக்குள்ள இது தன் வாடகையைத் தானே கட்டணும். இல்லன்னா மூடிடுறேன்” என்றாள். அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை. திருமணத்துக்கு முன்பு எங்கள் வீட்டாரிடம், “மூணு பவுனுக்கு மேல கேட்டா கல்யாணம் வேண்டாம்” என்றவள். அதனால் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

வழி விளம்பரம்தான். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை வைக்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. நானாக இருந்தால், எது அதிகம் தருகிறது என்று யூடியூபில் ஒருவரைக் கேட்டுவிட்டு அதிலேயே சேர்ந்திருப்பேன். அவள் மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் கொடுத்தாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டாள். எந்தப் பக்கம், அதில் என்ன விளம்பரம் வந்தது, என்ன கிடைத்தது, பழைய போனில் பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: ‘படிக்கிறவருக்கு உதவுமா?’

நான் பதினான்கு வருடமாக மென்பொருளைச் சோதித்துப் பிழைக்கிறவன். இப்படி ஒரு கட்டம் போட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முதல் நிறுவனத்துக்குத் தமிழ் சரியாகப் படிக்கத் தெரியவில்லை. வாய்ப்புண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய பக்கத்தில் கார் கடன் விளம்பரம் வந்தது. இரண்டாவது நன்றாகவே படித்தது, பணமும் மற்ற இரண்டையும்விட அதிகம். ஆனால் படுக்கைப் புண் பக்கத்தில் ‘ஏழே நாளில் ஆறும்’ என்று ஓர் எண்ணெய் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. தடுத்தால் வேறு பெயரில் அதே எண்ணெய் வந்தது. மூன்றாவது சின்ன நிறுவனம். மெதுவாகத்தான் வந்தது, கொஞ்சமாகத்தான் தந்தது. ஆனால் வந்தவை எல்லாம் சக்கர நாற்காலி, காற்று மெத்தை, வீட்டுக்கு வரும் பிசியோதெரபி. மூன்று மாதமும் முடிந்ததும் நோட்டில் மூன்றாவதை வட்டமிட்டாள்.

“ரெண்டாவதுல டபுள் மடங்கு வருதே” என்றேன்.

“எங்கப்பாவுக்குப் புண் வந்தப்ப இந்த எண்ணெயைப் பார்த்திருந்தா நான் வாங்கியிருப்பேன்” என்றாள். “ரெண்டு பாட்டில் வாங்கியிருப்பேன்.”

அன்றைக்கு அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

பிப்ரவரி ஆனது. வாடகைக்கு இன்னும் கொஞ்சம் துண்டு விழுந்தது. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு, ஒரு வாட்ஸ்அப் குழு. யாராவது விளம்பரத்தைத் தொட்டால்தான் காசு வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை அவளுக்குத் தெரியாமல் அதில் எழுதினேன்: ‘என் மனைவியின் தளம் இது. ஆளுக்கு இரண்டு விளம்பரம் தொட்டு உதவுங்கள்.’ பன்னிரண்டு வீட்டிலிருந்தும் கும்பிடு போட்ட கைகள் வந்தன.

கீழ் வீட்டு அக்கா அதோடு நிற்கவில்லை. அவர் வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஜெபக் குழுவையே மரத்தடியில் நிறுத்தி, ஆளாளுக்குப் போனை எடுக்க வைத்துவிட்டார். “கல்யாணத்துக்கு மொய் எய்தற மாதிரி நெனச்சிக்கோங்கோ, இதுக்குக் காசு கூட வாணாம்” என்றாராம். நாற்பது பெண்கள் அந்த மொய்யை மனதார எழுதினார்கள்.

திங்கட்கிழமை நான் வீடு திரும்பியபோது அவள் கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரே நாளில் ஒரு மாத வருமானம் வந்திருந்தது. நான் துள்ளிக் குதிக்கத் தயாரானேன்.

“நம்மளப் படிக்கிறவங்க மதுரை, ஈரோடு, மலேசியா” என்றாள். “இதுல எல்லாரும் இங்க நம்ம ஆவடிப் பக்கமா இருக்காங்க. யாருங்க இவங்க?”

நான் பதில் சொல்வதற்குள் அந்த மூன்றாவது நிறுவனத்திடமிருந்து கடிதமே வந்துவிட்டது. செயற்கையாகத் தொட்டிருப்பதாகச் சந்தேகம், விளம்பரம் ஓடும், பணம் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, விளக்கம் இருந்தால் எழுதலாம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அந்த நிறுவனத்தின் விதிகளை அச்செடுத்து வைத்திருந்தாள், அதை எடுத்து வந்தாள். உறவினர், நண்பர் யாரையும் விளம்பரத்தைத் தொடச் சொல்லக் கூடாது என்ற வரிக்குக் கீழே மூன்று மாதம் முன்பே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஊரார் எழுதிய மென்பொருளில் எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிற நான் அந்தத் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“யாரோ தெரியாதவங்க செஞ்சுட்டாங்கன்னு எழுதிடு” என்றேன்.

“தெரிஞ்சவங்கதானே செஞ்சாங்க” என்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். என்னைத் திருத்த விடாமல் தானே எழுதினாள். முடித்த பிறகுதான் படிக்கக் கொடுத்தாள். அதில் இருந்தது இது: என் கணவர் என் மேல் இருக்கும் பிரியத்தால் விதி தெரியாமல் செய்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால் எல்லோரும் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள், அக்கம்பக்கத்தார் இதையும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த இரண்டு நாள் பணம் எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள். இனி நடக்காது. இவ்வளவுதான். நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து இணைத்திருந்தாள், கடைசிக் கட்டத்தோடு.

பிறகு கீழே இறங்கி அக்காவிடம் பதமாகச் சொன்னாள். அக்கா பதறிப்போய், “ஐயோ, நான்தான் உன் பொயப்பைக் கெடுத்துட்டேனா” என்று அழுதேவிட்டார். அவரைத் தேற்றி, காபி குடித்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறு ஜெபக் குழுவில் புது உத்தரவு: அந்தத் தளத்தைப் படிக்கலாம், விளம்பரத்தின் மேல் ஒருத்தர் விரலும் படக் கூடாது.

நாள் ஓடியது. இரண்டாவது நிறுவனம் திரும்பி வரச் சொல்லி வாரம் ஒரு மடல் அனுப்பியது. அவள் திறக்கவே இல்லை. நான்தான் தினமும் ரயிலில் போனை எடுத்து அவள் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே போனேன். மார்ச் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது பதில் வந்தது. விளக்கத்தை ஏற்கிறோம், அந்த இரண்டு நாள் வருமானத்தைக் கழித்திருக்கிறோம், நிறுத்திவைத்த மீதியைத் தருகிறோம். அந்த மீதி வாடகைக்குப் போதும். மிஞ்சியதில் அரை கிலோ மிக்சர் வாங்கலாம், வாங்கினோம்.

அதைக் கொறித்துக்கொண்டிருந்த சாயங்காலம் கீழ் வீட்டு அக்கா மேலே வந்தார். வேப்பம்பட்டில் இருக்கும் அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள், மூன்று மாதம் படுக்கைதான். அக்கா போனை உடம்பிலிருந்து தள்ளி, தட்டில் சூடான எதையோ ஏந்துவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திரையில் எங்கள் தளம், அதன் ஓரத்தில் காற்று மெத்தை வாடகைக்கு என்று ஒரு விளம்பரம்.

“நீ எய்தினத மூணு தபா பட்ச்சிட்டேம்மா. இந்த மெத்தை எங்கம்மாவுக்கு நெசமாவே வோணும்” என்றார். “இத நான் தொட்லாமா?”

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தொடுங்கக்கா. உங்களுக்காகத்தான் அது அங்க இருக்கு.”

அக்கா அப்போதும் விரலை வைக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். “அண்ணாத்தேக்கு ஒண்ணும் ஆவாதே?”

“ஆகாது” என்றாள் என் மனைவி.