பூனைக்குக் கட்டிய பாய்

படகில் குடியேற என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: நாயும் பூனையும் கூட வரும். எனக்கு நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. யோசனையே என்னுடையது, யாரிடம் போய்ப் போடுவது?

மகள் பேர்கன் நகரத்துக்குத் தாதி வேலைக்குப் போய்விட்டாள். ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் எட்டாம் மாடியில் நாங்கள் இருவரும், ஒரு நாயும், ஒரு பூனையும், நான் வாசித்து முடித்த புத்தகங்களும் மிஞ்சினோம். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு இந்தக் கட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஆசை வரும், அல்லது ஊர்ச்சங்கத்துக்குத் தலைவராகும் ஆசை வரும். எனக்குப் படகு வந்தது. பழைய மரப் படகு, ஒருகாலத்தில் மீன் பிடித்தது. நீளம் உண்டு, அகலம் கிடையாது. உள்ளே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பின்வாங்குகிறவர் யார் என்பது அதற்குமுன் அவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததில்லை.

நான் யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பிறந்தவன். அதனால் கடல் என் இரத்தத்தில் ஊறியிருக்கும் என்று ஒஸ்லோவில் பலர் நினைத்தார்கள். இரத்தத்தில் இருந்ததோ என்னவோ, வயிற்றில் தங்கியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் லோஞ்சுப் படகில் தினமும் வாந்தி எடுத்தவன் நான். நீந்தவும் தெரியாது. மாதா கோயிலில் பூசை முடிந்து வாசலில் நின்றபோது மன்னார் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"என்ன காணும், தீவார் எல்லாம் தண்ணியைத் தாண்டி வந்து வீடு வாங்குறாங்கள். நீர் வீட்டை வித்துப்போட்டுத் திரும்பவும் தண்ணிக்குள்ளை இறங்குறீராம்?"

"ஊருக்குத் திரும்பிப் போக வசதியா இருக்குமெண்டுதான்."

"அந்தப் பெட்டியிலையோ? துறை வாசலே தாண்டமாட்டீர்."

சொன்னது பலித்தது. அந்தப் படகு துறை வாசலை இன்றுவரை தாண்டவில்லை.

படகு வாழ்க்கையைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்கூட வாசித்தேன். நாய் உதிர்க்கும் மயிர் முழுவதும் கடைசியில் படகின் அடிவயிற்றுக்குத்தான் போய்ச் சேரும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அங்கே கசிந்து தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்பின் தொண்டையில் அது கம்பளி உருண்டைபோல அடைக்கும் என்பதையும் சொல்லவில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் கணுக்கால் நனைந்தபோது தெரிந்துகொண்டேன்.

முதல் கோடையில் பூனை தண்ணீரில் விழுந்தது. பூனை நீந்தும். ஆனால் படகின் பக்கம் வழுவழுப்பான சுவர், நகம் பிடிக்க அதில் எதுவும் இல்லை. அது சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருக்க, நான் கையில் புத்தகத்தோடு நின்று, இந்த நிலைமைக்கான அத்தியாயத்தைத் தேடினேன். மனைவி உடுப்புக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கி அதை அள்ளி எடுத்தாள்.

அன்றைக்கே ஸ்டோவ்னர் வீட்டு நடையில் முன்பு கிடந்த நீளத் தென்னந்தும்புப் பாயைச் சாமான்களுக்குள் தேடி எடுத்தாள். படகின் பின்பக்கக் கம்பியில் அதைக் கட்டி, பாதி தண்ணீருக்குள் கிடக்கும்படி தொங்கவிட்டாள். மறுபடி விழுந்தால் பூனை அதில் நகம் ஊன்றி ஏறி வரும். கட்டிய விதந்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முடிச்சுப் போட்டு, மிஞ்சிய நுனியைச் சேலைத் தலைப்பைச் செருகுவதுபோல இடுக்கில் செருகியிருந்தாள்.

"இது முடிச்சில்லையப்பா, சிக்கு. கப்பல்காரன் ஒருத்தன் கண்டானெண்டால் அழுவான்."

"அவன் அழட்டும். பூனை ஏறினாச் சரி."

பூனை அந்தக் கோடையில் இன்னும் இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் பாயில் ஏறி வந்து, என் தலையணையில் உடம்பைக் காயவைத்தது.

முதல் குளிர்காலத்தில் துறை உறைந்தது. பூனை பனிக்கட்டிமேல் குதித்து நேரே கரைக்கு நடக்கப் பழகிக்கொண்டது. மனைவிக்கு அந்தக் குளிர்காலம் போதும் போதுமென்றாகிவிட்டது. உறைந்து வெடிக்காமல் துறைக் குழாயை அடைத்துவிடுவார்கள், தண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் சுமந்து வரவேண்டும். குளிப்பதற்குத் துறையின் பொதுக் குளியலறைக்கு, சறுக்குகிற மிதவைப் பலகையில் நடக்க வேண்டும். போர்வைக்குள்ளும் ஈரம். அவள் முறையிடவில்லை. வீட்டு விளம்பரங்களைக் கைத்தொலைபேசியில் பார்க்கத் தொடங்கினாள். நான் வந்தால் திரையைக் கவிழ்த்து வைப்பாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் மகளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு மனைவி பேர்கனுக்குப் புறப்பட்டாள். ரயில் மேடையில் வைத்துச் சொன்னாள்.

"ஈஸ்டருக்கு வருவன். இதுகள் ரெண்டையும் நீங்கள் ஒழுங்காப் பாத்து வைச்சிருந்தால், இந்தப் படகிலையே இருப்பம். இல்லாட்டி நான் பிள்ளையோடை இருந்திடுவன். பிறகு கோவிக்கக் கூடாது."

"பூனையும் நாயுமோ எனக்குச் சோதனை எடுக்கிறது?"

"ஓம். அதுகள் பொய் சொல்லாதுகள்."

சோதனை என்றால் நான் முன்கூட்டியே படிக்கிறவன். ஆனால் படித்தது படகைப் பற்றி. பனிக்கட்டி இறுகினால் பழைய மரப்பலகையைக் கடித்துவிடும் என்று வாசித்து, ஒரு நீரோட்டப் பம்பு வாங்கினேன். அதைப் படகுக்கு அடியில் தொங்கவிட்டால், ஆழத்திலிருக்கிற சற்றுச் சூடான தண்ணீரை மேலே தள்ளும். படகைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பனிக்கட்டி பிடிக்காது. பக்கத்துப் படகில் தனியே இருக்கும் நோர்வேக் கிழவர் வந்து பார்த்துத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம்.

தும்புப் பாய் மட்டும் இடைஞ்சலாக இருந்தது. மேல்பாதி விறைத்து, கீழ்ப்பாதி ஓட்டத்தில் அலைந்து பம்பின் வயரில் சுற்றிக்கொண்டது. அதை அவிழ்க்க முடியாமல் கயிற்றை வெட்டி எடுத்து, ஒருநாள் காயட்டும் என்று இருக்கைக்கு அடியில் போட்டேன். அங்கேயே கிடந்தது. துறை முழுக்கக் கட்டியாய் உறைந்திருக்கப் பூனை எங்கே விழப்போகிறது என்று நினைத்தேன். வெள்ளையாக இருப்பதெல்லாம் தரை என்று போன வருடம் பூனை படித்து வைத்திருந்தது. அந்தத் தரையைப் படகைச் சுற்றி நானே கரைத்து வைத்திருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

பெப்ரவரியில் ஒரு காலை. இரவு கடும் குளிர், பிறகு பனி பெய்திருந்தது. படகைச் சுற்றியிருந்த தண்ணீர்மேல் கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டி ஆடை படிந்து, அதன்மேல் பனி மூடி, எல்லாம் ஒரே வெள்ளை. பூனை கதவடியில் கத்தியது. திறந்துவிட்டேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

நாய் மேலே ஓடிப்போய்க் குலைத்தது. அது அப்படிக் குலைக்கிற நாயல்ல.

"பேசாமல் கிட," என்றேன்.

இன்னும் குலைத்தது. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழும்பலாம் என்று நினைத்தேன். பக்கத்தை முடித்தேன். அடுத்ததையும் தொடங்கினேன். நாய் ஓய்ந்தது. நல்ல நாய் என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தபோது நாய் பின்பக்கக் கம்பிக்குக் கீழே குந்தியிருந்தது. கீழே வெள்ளையில் ஒரு துவாரம், சுற்றிலும் உடைந்த ஆடை. படகின் பலகையில் புதிதாக நகக்கீறல்கள், நெருக்கமாக, ஒரே இடத்தில். பாய் தொங்கிய இடம். வேறு எங்கும் பூனை முயன்று பார்க்கவில்லை.

கொக்கித் தடியால் எடுத்தேன். கிழவர் ஒரு மட்டைப்பெட்டியோடு வந்தார். வெறுங் கம்பியை ஒருதரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நிலம் கல்லாய் இறுகியிருந்தது, புதைக்க வழியில்லை. எரிக்கச் சொல்லி மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவு செய்த பெண் பூனையின் வயதைக் கேட்டாள். மனைவிக்குத்தான் தெரியும் என்றேன்.

மனைவி தினமும் மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் வருவாள். புதிதாகப் பிறந்த பேரனைக் காட்டுவாள்; பதிலுக்கு நான் பிராணிகளைக் காட்ட வேண்டும்.

"பூனை எங்கை?"

"படுத்திருக்கு."

"எழுப்புங்கோவன்."

"பாவம், நல்ல நித்திரை."

"எப்பலிருந்து உங்களுக்குப் பூனையிலை பாவம்?"

மறுநாள் தலையணை ஒன்றைப் போர்வைக்குள் சுருட்டி வைத்துத் தூரத்திலிருந்து காட்டினேன்.

"அசையேல்லை."

"குளிரப்பா. நானுந்தான் அசையிறேல்லை."

சிரித்தாள். போர்வைக்குள் இருப்பதற்குக் கேட்கட்டும் என்று "பூஸ், பூஸ்" என்று கூப்பிட்டாள். கட்டிலடியில் கிடந்த நாய் எழும்பி, படியேறி, பின்பக்கம் போய்க் குந்தியது. அவள் கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் அது அப்படியே செய்தது. எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த கையோடு முதலில் செய்தது, இருக்கைக்கு அடியிலிருந்து பாயை எடுத்து, புதுக் கயிற்றால் பின்பக்கக் கம்பியில் கட்டியது. விரல்கள் விறைத்திருந்தும் முடிச்சு அருமையாக வந்தது. நுனியை வளையத்துக்குள்ளால் மேலே எடுத்து, பின்னால் சுற்றி, திரும்ப அதே வளையத்தில் இறக்குகிற முடிச்சு. எவ்வளவு பாரத்துக்கும் இளகாது, அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரு தள்ளில் அவிழும். புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது.

ஐந்து மணிக்கு அவள் வந்ததும், "பூனை செத்துப்போச்சுதப்பா," என்றேன்.

அவள் அழுத குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எப்ப?"

"நேற்று. வழுக்கித் தண்ணிக்குள்ளை விழுந்திட்டுது. நான் போய்ப் பாக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது."

"பாய் கிடந்ததோ?"

"ஓம், கிடந்தது. இந்தா, பாரும்."

தொலைபேசியை எடுத்துக்கொண்டு மேலே போய்க் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். பிறகு, "நாய்க்குச் சாப்பாடு வைச்சிட்டியளோ?"

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முப்பது வருடங்களாக ஒரே பாவங்களைச் சொல்லிவந்தவனிடம் முதல்முறையாகப் புதிதாக ஒன்று இருந்தது. சுவாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படியும், மனைவியிடம் உண்மையைச் சொல்லும்படியும் சொன்னார். மந்திரங்களை அங்கேயே கோயில் வாங்கில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். மற்றதை ஒத்திவைத்தேன். அவள் ஐந்து மணிக்கு வருவாள், நாயைக் காட்டுவேன், பிள்ளையின் பல்லில்லாத வாயைப் பார்ப்பேன். பூனையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்துப் புதன்கிழமை அவள் வந்தாள். பனிக்கட்டி போய்த் துறை கறுப்பாகக் கிடந்தது. பையைத் திறக்காமல் கதவடியில் வைத்தாள். நாய் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் நேரே பின்பக்கம் போய், கம்பியில் கைவைத்து நின்றாள்.

"இதை எப்ப கட்டினனீங்கள்?"

இனிச் சொல்ல என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு, வெட்டிய கயிறு, இருக்கையடியில் கிடந்த பாய், நாய் குலைத்தது, நான் வாசித்த பக்கம், எட்டு நாள், தலையணை.

"முடிச்சை வீடியோவிலையே கண்டனான்," என்றாள். "என்ரை முடிச்சு எனக்குத் தெரியாதே? நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன். ஆறு கிழமை. ஒவ்வொரு நாளும் கதைச்சனீங்கள்."

"எப்பிடிச் சொல்லுறது எண்டு..."

"பூனை விழுந்ததுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. பூனையெண்டால் விழும்."

அவள் சத்தம் போடவில்லை.

என் முடிச்சை ஒரு தள்ளில் அவிழ்த்தாள். புத்தகம் சொன்னது உண்மைதான். பாயை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, முதலில் இருந்ததைவிட ஆழமாகத் தொங்கவிட்டு, மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, நுனியைச் செருகினாள். தொங்கிப் பார்ப்பதுபோல இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"இனி ஆருக்கு இது?" என்றேன்.

"உங்களுக்குத்தான். நீந்தத் தெரியாதே."

உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு இருவரும் சேர்ந்து போனோம். வாசலில் மன்னார் நண்பர், கப்பல் எப்போது புறப்படுகிறது என்று கேட்டார். மனைவி சிரித்துக்கொண்டு, "இவர் இஞ்சைதான், நான்தான் போறன்," என்றாள். அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் அவளும் நாயும் ரயிலேறினார்கள். நாய் பெட்டிக்குள் ஏறியதும் அவள் காலடியில் படுத்துவிட்டது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, அது குலைத்தபோது நான் கேட்கவில்லை.

இப்போதும் மாலை ஐந்து மணிக்கு வருகிறாள். பேரன் தவழ்கிறான், நாய் அவன் பின்னால் நடக்கிறது. நான் என்ன சமைத்தேன் என்று கேட்பாள், மருந்து போட்டேனா என்று கேட்பாள். கடைசியில் ஒன்று கேட்பாள்.

"பாய் கிடக்கோ?"

"கிடக்கு."

"காட்டுங்கோ."

நான் எழும்பி, படியேறி, பின்பக்கம் போய்த் தொலைபேசியைக் கம்பிக்குக் கிட்டப் பிடிக்கிறேன். முடிச்சு தெரியும்வரை அவள் ஒன்றும் பேசுவதில்லை.