பிரேக்கம்மாவும் முதுகுத்தண்டு நீரும்

அந்த ஊரில் காலையில் வேலைக்குக் கிளம்புகிற கார்களில் பாதிக்குப் பாதியை ஓட்டுகிறவர்கள் பிரேக்கம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை அவர் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து யாரோ ஒரு மாணவன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. "கழுதைன்னு வைக்காம விட்டானே" என்பார்.

இளவயதில் ஒரு சலவைக் கம்பெனியின் வேனை ஓட்டியவர். பொம்பளை வேன் ஓட்டுவதை வேடிக்கை பார்க்க வந்தவர்களையே பிற்பாடு மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார். உடைந்த மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போன கடையில், அதைச் சரிசெய்து கொடுத்தவரையே கல்யாணமும் செய்துகொண்டார். மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, அதற்குள் சாலைக் குறிகள் வரைந்த ஒரு பலகை, மேசைமேல் பாடம் நடத்த நாலைந்து பொம்மைக் கார்கள், கீழே தெருவில் இரண்டு நிஜக் கார்கள்: இவ்வளவுதான் அவருடைய ஸ்கூல். கூடவே தங்கை. தங்கை அதிர்ந்து பேசத் தெரியாதவர். 'தங்கச்சிகிட்ட கத்துக்கிட்டா லைசென்ஸ் கிடைக்கும், அக்காகிட்ட கத்துக்கிட்டா ஆயுசு கிடைக்கும்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அறுபத்தேழு வயதில் ஒருநாள் டீக் கோப்பை அவர் கையிலிருந்து விழுந்தது. வலது கை உள்பக்கமாக மடங்கி, அதே பக்கத்து வாயோரம் இழுத்துக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் சரியாகிவிட்டது. "கை வழுக்கிடுச்சு" என்றார். மறுநாள் சீப்பு விழுந்தது. அதற்கடுத்து சாவிக்கொத்து. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரங்களில், வருடக்கணக்காகச் சுற்றிவருகிற ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, "இங்கேருந்து ஸ்கூலுக்கு எந்தப் பக்கம்மா போகணும்?" என்று கற்றுக்கொள்ள வந்த பெண்ணையே கேட்டார். அந்தப் பெண் இதுவும் ஒரு பரீட்சை என்று நினைத்து, வழியைச் சரியாகச் சொல்லி, ஓட்டியும் வந்து நிறுத்தினாள். மேலே ஏறிவந்து தங்கையிடம், "இன்னைக்கு மேடம் வச்ச டெஸ்ட்ல நான் பாஸ்" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். அது பரீட்சை இல்லை என்று தங்கைக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் கையிலிருந்து கார்ச் சாவியை அன்றே வாங்கி வைத்தார். அதற்காக அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், எதற்காகப் பேசாமல் இருந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

வீட்டிலும் அதே கதைதான். என்றோ காலமாகிவிட்ட தன் அப்பா சாப்பிட்டுவிட்டாரா என்று கணவரிடம் கேட்பார். கண்ணாடிக்கடைக்காரர் முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் செய்தி கேட்டவர் போல மனைவி அழவும், அப்புறம் "சாப்பிட்டார்ம்மா" என்றே சொல்ல ஆரம்பித்தார்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வயதான மறதி என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. இந்த வயதில் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான். மூளை ஸ்கேனிலும் வயதுக்கேற்ற சுருக்கம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. என்ன செய்தும் அது ஏறாமல் போகவே, அவரே நரம்பு டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். பேச்சுக்கு நடுவே எழுதாமல், எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் அவருக்கு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரேக்கம்மாவின் கை மடங்கியது, வாயோரம் இழுத்தது, சரியானது.

"இது அடிக்கடி வருமா?" என்று டாக்டர் கேட்டார்.

"எது?" என்றார் பிரேக்கம்மா.

"வருது டாக்டர். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வருது" என்றார் கணவர். "கைநடுக்கம்னு நினைச்சோம்."

"நடுக்கம் இல்லை, இது ஒரு வகை வலிப்பு. அதோட இந்த மறதியும் சில மாசத்துலயே ஓடிவந்திருக்கு. வயசான மறதி பொதுவா மெதுவாத்தான் நடந்து வரும்." டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம ரத்தத்துல காவலுக்குன்னு சில பொருள் இருக்கு. கிருமி வந்தா அடிக்கறது அதோட வேலை. சில பேருக்கு அதுவே ஆள் தெரியாம சொந்த மூளையை அடிக்க ஆரம்பிச்சிடும். வேலியே பயிரை மேயுற மாதிரி. இவங்களுக்கு அதுவா இருக்கலாம்னு எனக்குச் சந்தேகம். இருந்தா வைத்தியம் உண்டு. இருக்கான்னு பார்க்கணும்னா ரத்தமும் வேணும், முதுகுத்தண்டைச் சுத்தி இருக்கிற தண்ணியிலயும் கொஞ்சம் வேணும்."

தங்கை குறுக்கிட்டார். "முதுகுல ஊசி குத்தினா கால் விளங்காம போயிடும்னு சொல்வாங்களே, டாக்டர்."

"நிறைய பேர் அப்படித்தான் பயப்படறாங்க. ஊசி போடற இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிஞ்சிடும். கீழே தண்ணியும் நரம்பு இழைகளும்தான். பின்னாடி சிலருக்குத் தலைவலி வரும், படுத்தா குறையும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கணவருக்கு அந்த அறையில் எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. அவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிரேக்கம்மாதான் திரும்பினார். "என் பேச்சைத்தானே பேசறீங்க? குத்தட்டும். ரிப்பேர் எங்கேன்னு தெரியாம வண்டியை ஷெட்டுல போட்டு வச்சா மட்டும் சரியாயிடுமா?"

பல நாளுக்குப் பிறகு அவர் பேசிய முழுசான பேச்சு அது. கணவர் கையெழுத்துப் போட்டார்.

பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமாட்டில் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரத்துப்போக ஒரு ஊசி போட்டுவிட்டு டாக்டர் அடுத்த ஊசியை எடுத்தபோது, "அவசரப்படாதே. கிளட்ச்சை மெதுவா விடு" என்றார் பிரேக்கம்மா. சொல்வது மாணவியிடமா டாக்டரிடமா என்று யாருக்கும் தெரியவில்லை. "சரிங்க மேடம்" என்றார் டாக்டர்.

சின்னச் சின்னக் குழாய்களில் சொட்டுச் சொட்டாக அந்த நீர் இறங்கியது. குடிக்கிற தண்ணீர் போலத் தெளிவாக இருந்ததைப் பார்த்துத் தங்கைக்கு ஏமாற்றம். இத்தனையையும் செய்த நோய் அதில் கலங்கலாகவாவது தெரியும் என்று நினைத்திருந்தார்.

ஒரு குழாயில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. இன்னொன்றில் வயதான மறதி நோயில் அளவு மாறுகிற புரதங்களைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, சொந்த மூளையை அடிக்கிற அந்தக் காவல் பொருளைத் தேட, வேறு ஊரில் உள்ள பெரிய ஆய்வகத்துக்குப் போயிற்று. பதில் வர நாளாகும். "அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். கிருமி இல்லைன்னு ஆச்சு, மருந்தை ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர். மருத்துவமனையிலேயே தங்கவைத்து, ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.

அந்த வாரக் கடைசியில் கணவர் கொண்டுவந்த டீயைப் பிரேக்கம்மா முழுசாகக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். கணவர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தைப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"டீயில சர்க்கரையே இல்லை."

"உனக்குச் சர்க்கரை ஏறிடுச்சாம். மருந்தோட வேலை."

"என் சர்க்கரைக்கு டீ என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். கணவர் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஆய்வகப் பதில் வந்த அன்று டாக்டரே படுக்கைக்கு வந்தார். மறதி நோய்ப் புரதங்கள் அந்த நோயைக் காட்டவில்லை. தேடிய காவல் பொருள் ரத்தத்திலும் இருந்தது, முதுகுத்தண்டு நீரிலும் இருந்தது. "திருடன் கையும் களவுமா அகப்பட்டாச்சு" என்றார் டாக்டர். முழுக்க முன்போல ஆகிவிடுவார் என்று மட்டும் சத்தியம் செய்யவில்லை. இனி ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்து மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், நோய் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு, கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

மருந்து அவரை லேசில் விடவில்லை. முகம் பூரணச் சந்திரன் போல உப்பியது. கொள்ளைப் பசி. தூக்கம் வராத கோபத்தில் வீட்டு அலமாரிகளையெல்லாம் இழுத்துப்போட்டு அடுக்கினார். ஆனால் மனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, தெருக்கள் வந்தன. திரும்ப வராதவை நோய் இருந்த அந்த மாதங்கள் மட்டும்தான். தங்கைக்குப் பேத்தி பிறந்தது அந்த நாட்களில்தான். குழந்தையை மடியில் வைத்து இவர் தாலாட்டிய படம்கூட இருக்கிறது, நினைவு இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தன் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கொஞ்ச நாள் அது மனதை அரித்தது. பிறகு குழந்தையின் வீட்டுக்கே போய்ப் புதிதாக மடியில் வாங்கிக்கொண்டார். குழந்தைக்கும் முதல் தடவை நினைவில்லை, அதனால் கணக்கு நேர் என்றார்.

வலிப்பு இல்லாமல் நெடுநாள் கழிந்தால்தான் வண்டியைத் தொடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கண்ணாடிக்கடைக்காரருக்கு வந்தது வினை. மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அவருக்கோ கார் ஓட்டத் தெரியாது. தங்கை ஸ்கூலைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊருக்கே சொல்லிக்கொடுத்தவரின் வீட்டுக்காரர், எழுபது வயதில் எல் போர்டு கட்டிய வண்டியில் ஏறினார். பக்கத்தில் பிரேக்கோடு தங்கை. பின்சீட்டில் பிரேக்கம்மா, பிரேக் இல்லாமல்.

"கண்ணாடியைப் பாருங்க."

"பார்த்துட்டேன்."

"உங்க மூஞ்சியை இல்லைங்க, பின்னாடி வர்ற லாரியை."

"அக்கா, அவரைக் கொஞ்சம் ஓட்ட விடு."

"இதுக்குப் பேர் ஓட்டறதா? வண்டி அவரை ஓட்டிக்கிட்டுப் போகுது."

முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டினார். தங்கை சமாதானம் சொன்னார். பிரேக்கம்மா மேசையில் பொம்மைக் கார்களைப் பரப்பி, அவர் எங்கே தப்பு செய்தார் என்று பொறுமையாகக் காட்டினார். இத்தனை பொறுமை அவரிடம் இருப்பது கணவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த முறை தேறிவிட்டார். பரிசோதனை நாட்களில் அவர் ஓட்ட, பிரேக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வருவார். அது ஸ்டீராய்டைவிடக் கஷ்டமான வைத்தியம் என்று டாக்டரிடம் புகார் சொன்னார்.

இரண்டாம் வருடத்தில் டாக்டர் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். தங்கை தானே கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார்.

இப்போது பிரேக்கம்மா காலை வேளைகளில் அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறார். முதலில் சேர்ந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர். முதல் நாள் வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, "எனக்கு வயசாயிடுச்சு, இதெல்லாம் இனி மண்டையில ஏறாது" என்றார்.

"வயசு மேல பழியைப் போடாதீங்க டீச்சர்" என்றார் பிரேக்கம்மா. "ஹேண்ட்பிரேக்கை எடுக்கலை நீங்க. எடுத்துட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."